தட்டில் கிடந்த லாரிச் சாவி

எங்கள் ஸ்கேன் அக்காவுக்கு வாய் நீளம். ஆனால் திரையில் தெரிந்ததைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பெயராது. "டாக்டர்தான் சொல்லணும். நான் படம் எடுக்கறவ, அவ்வளவுதான்" என்று யார் கேட்டாலும் வெட்டிவிடுவாள். அவளோடு வேலை பார்க்கும் நர்ஸ் நான். அவளிடம் திட்டு வாங்காத நாள் கிடையாது.

மூளையின் ரத்தக்குழாய்கள் நன்றாக இருக்கின்றனவா என்று எம்.ஆர்.ஐ. வைத்து ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. உள்ளே படுத்திருப்பவர் அவ்வப்போது மூச்சை அடக்க வேண்டும். நல்ல குழாய் அப்போது விரியும், ரத்தம் கூடும், திரையில் அந்த இடம் சிவக்கும். மைக்கில் "மூச்சை நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு அக்காவும் சேர்ந்து அடக்குவாள். அவர்கள் படும் பாடு தனக்கும் தெரிய வேண்டுமாம்.

அன்று வரவேண்டிய ஆள் வரவில்லை. வீட்டிலிருந்து தனக்குச் சாப்பாடு கொண்டுவந்த தன் தம்பியை மடக்கிச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினாள். பெல்ட், கடிகாரம், லாரிச் சாவி எல்லாம் வெளியே தட்டுக்குப் போயின.

"சாயங்காலம் லோடு இருக்குக்கா. சீக்கிரம் விடு."

"வாயை மூடிட்டுப் படுடா. தலையை ஆட்டினே, மறுபடி முதல்லேருந்துதான்."

படம் வந்தது. இடப்பக்கம் சிவந்திருந்தது. வலப்பக்கம் பெரும்பாலும் நிறமே ஏறவில்லை.

"திருட்டுப்பய, மூச்சு விட்டிருக்கான்" என்று மைக்கைப் பிடித்தாள். "டேய், ஏமாத்தாதே! ஒழுங்கா நிறுத்து."

"நிறுத்திட்டுதான்க்கா இருந்தேன்!"

மறுபடி எடுத்தாள். மறுபடியும் அதே படம். அவன் ஏமாற்றியிருக்க வேண்டும் என்று நான்கூட வேண்டிக்கொண்டேன். ஆனால் ஏமாற்றியிருந்தால் இரண்டு பக்கமும் வெளுத்திருக்கும். பாதி மூளைக்கு மட்டும் யாரால் மூச்சு விட முடியும்? வலப்பக்கத்துக் குழாய் எங்கோ சுருங்கியிருக்கிறது என்பது உறைத்ததும் திரும்பிப் பார்த்தேன். அக்கா இன்னும் மூச்சை விடவில்லை. நான் அவள் தோளை உலுக்கினேன்.

டாக்டருக்குப் போன் போட்டேன். "இதோ வர்றேன். வண்டி ஓட்ட விடாதீங்க" என்றார்.

தம்பி சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். "என்னக்கா, உள்ளே மூளை இருந்துச்சா?"

வேறு நாளாக இருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். அக்கா பெல்ட்டைக் கொடுத்தாள். கடிகாரத்தைக் கொடுத்தாள். அதோடு தட்டு காலி.

"சாவி எங்கேக்கா?"

"டாக்டர் வருவார். அவர்தான் சொல்லணும்."

"ஊருக்குச் சொல்றதையே எனக்கும் சொல்றியா?" என்று அவன் அவளுடைய மூடிய கையைப் பிடித்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. விளையாட்டு என்றே நினைத்து இன்னொரு தரம் இழுத்தான். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். சாவியைக் கேட்பதை விட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.