சந்தேகம் வந்தால் பச்சை

சோறு போடும் இடத்தில் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்தால், முதலில் சோற்றைப் போட்டுவிட்டு அப்புறம் விசாரிக்க வேண்டும். இதில் எனக்கு அன்றும் இரண்டு கருத்து இல்லை, இன்றும் இல்லை. ஆனால் இதை ஒரு தொழிற்சாலைக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது.

2010-ஐ ஒட்டிய வருடங்கள் அவை. சென்னையில் கண்ணாடிச் சுவருக்குள் உட்கார்ந்து வேலை பார்த்துச் சலித்துப்போய், நானும் என்னோடு கல்லூரியில் படித்த ஒருவனும் சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் அறை எடுத்து, சொந்தமாக மென்பொருள் எழுதிக் கொடுக்கத் தொடங்கியிருந்தோம். அவனை நான் பங்காளி என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குள் சண்டை வராத நாள் கிடையாது என்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகவே இருந்தது. லாட்ஜின் மற்ற அறைகளில் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் பகலெல்லாம் தூங்குவார்கள். அதனால் எங்கள் சண்டைகள் எல்லாமே கிசுகிசுப்பாகத்தான் நடக்கும். வாய்விட்டுக் கத்த முடியாமல் சண்டை போடுவதைப் போல ஒரு தண்டனை உலகத்தில் இல்லை.

ஒரகடத்தில் கார்களுக்கு வயர்கட்டு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் எங்களுக்கு முதல் பெரிய வேலை கிடைத்தது. அங்கே கேன்டீனை வெளியாள் ஒருவர் எடுத்து நடத்தினார். மாதக் கடைசியில் அவர் சொல்லும் தட்டுக் கணக்கு ஒன்று, தொழிற்சாலை சொல்லும் கணக்கு வேறொன்று. இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் எங்களை அழைத்தார்கள். வரிசையின் முகப்பில் ஒரு கருவி இருக்கும். அட்டையைக் காட்டினால், இந்த ஷிப்டில் இவருக்குச் சாப்பாடு உண்டா என்று அது பார்க்கும். பச்சை விளக்கு எரிந்தால் தட்டு, சிவப்பு எரிந்தால் இல்லை. கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் இது கைவிட்டுப் போனால் நாங்கள் அறையைக் காலி செய்துவிட்டு, உதறிவிட்டு வந்த வேலைக்கே திரும்பப் போய் நிற்க வேண்டும். பங்காளி இதைத் தினமும் எனக்கு நினைவுபடுத்துவான்.

விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு எங்களிடம் வக்கில்லை. இணையத்தில் இலவசமாக, உள்ளே இருப்பதையெல்லாம் திறந்து பார்க்கும்படி கிடைக்கும் ஒரு வெப் ஃப்ரேம்வொர்க்கை எடுத்து, அதன்மேல் கட்டினோம். தூணும் கூரையும் கதவும் வைத்துக் கொடுத்துவிட்ட கட்டடம் மாதிரி அது. எந்தக் கதவு திறந்திருக்க வேண்டும், எது பூட்டியிருக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் செட்டிங் கோப்பில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அது தன் வழக்கப்படி நடந்துகொள்ளும். அதற்குத்தான் டிஃபால்ட் என்று பெயர். செட்டிங்குகளில் சரி, தப்பு என்று பெரும்பாலும் எதுவும் கிடையாது. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும்.

முதல் சண்டை, அந்தந்த ஷிப்டின் தொழிலாளர் பட்டியலை எங்கே வைப்பது என்பதில் வந்தது. சர்வர் கம்ப்யூட்டர் ஆபீஸ் கட்டடத்தில் இருந்தது, கேன்டீன் வளாகத்தின் அந்தக் கோடியில். ஒவ்வோர் அட்டைக்கும் சர்வரைக் கேட்டால் பதில் துல்லியமாக இருக்கும், ஆனால் மெதுவாக வரும். கேபிளை அணில் கடித்தால் அத்தோடு எல்லாம் நின்றுவிடும். அந்த வளாகத்து அணில்களுக்கு எங்கள் கேபிள்மேல் தனிப் பிரியம். அதனால் ஷிப்ட் தொடங்கும்போது பட்டியலின் நகல் ஒன்றைக் கேன்டீன் கருவியிலேயே இறக்கிவிடலாம் என்றேன். விவரம் கொஞ்சம் பழசாக இருக்கும், ஆனால் வரிசை நகரும். அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில் வரிசை நகர்வதைவிட வேறென்ன முக்கியம்? பங்காளி இரண்டு நாள் முறைத்துவிட்டு ஒப்புக்கொண்டான்.

இரண்டாவது சண்டைதான் பெரியது. அட்டை பட்டியலில் இல்லையென்றால் என்ன செய்வது?

எங்கள் ஃப்ரேம்வொர்க்கின் டிஃபால்ட், தெரியாதவர் வந்தால் மறுத்துவிடுவது. சம்பள விவரம் இருக்கும் பக்கத்துக்கு அதுதான் சரி, நானே கைதட்டுவேன். ஆனால் கேன்டீனில் பட்டியலில் இல்லாமல் வருவது யார்? ஓ.டி., அதாவது ஷிப்ட் முடிந்தும் கூடுதல் நேரம் வேலை பார்க்கிறவர்கள். அங்கே காலை ஷிப்ட் முடியும் நேரத்தில்தான் சூப்பர்வைசர் வேலை ஓடும் லைனுக்கு வந்து, "யார் யார் நிக்கறீங்க?" என்று கேட்பார். கையைத் தூக்கியவர்கள் இரவுச் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டி நிற்பார்கள். அதை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றுவது மறுநாள் காலை, டீ குடித்துவிட்டு ஆற அமர. ஆக, அன்றைக்கு அதிக நேரம் உழைத்தவர்கள்தான் கருவியின் கண்ணுக்கு அந்நியர்கள்.

இதைப் பணியாளர் துறை மேனேஜரிடம் சொன்னேன். நல்ல மனிதர்தான். ஆனால் கண்டிப்பு என்ற சொல்லின்மேல் அவருக்குக் காதல்.

"சூப்பர்வைசரை அப்பப்போ என்ட்ரி போடச் சொல்லிடறேன் மேடம்."

"போட மாட்டாங்க சார். லைன் ஓடும்போது அவங்க எங்க உக்காருவாங்க? பட்டியல்ல இல்லாட்டியும் பச்சை குடுத்துடலாம். மறுநாள் ஓ.டி. என்ட்ரியோட ஒத்துப் பாத்துக்கலாம்."

"தெரியாதவங்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிடற வாட்ச்மேனை யாராவது வேலைக்கு வெப்பாங்களா?"

"இது கேட் இல்ல சார், பந்தி."

மேஜைக்கு அடியில் பங்காளி என் காலை மிதித்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். தெரியாதவருக்குச் சிவப்பு என்று முடிவானது. அந்த முடிவு கோப்பில் ஒரே ஒரு வரியில் இருக்கும்படி எழுதினேன்.

"எப்ப வேணா திருப்பிக்கலாம்னுதானே ஒரே வரில வெச்சிருக்கே?" என்றான் பங்காளி.

"ஆமா. இல்லேன்னா உன்னைத் திருப்ப வேண்டியிருக்கும்."

கருவி ஓடத் தொடங்கியது. முதல் மாத முடிவில் தட்டு எண்ணிக்கை சரிந்திருந்தது. மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பக்கத்துத் தொழிற்சாலைக்கும் எங்களைச் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். பங்காளி ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். நான் மைசூர்பாகைக் கடித்துக்கொண்டே அறிக்கையைப் பார்த்தேன். ஏதோ இடித்தது. சிவப்பு விழுந்தது கொஞ்சம் பேருக்குத்தான். குறைந்த தட்டுகளோ அதைவிட மிக அதிகம். சிவப்பே விழாமல் இத்தனை பேர் எங்கே போனார்கள்?

"குறைஞ்சா சந்தோஷப்படு தாயே," என்றான் பங்காளி.

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாக்கூடத்தான் எலி குறையும்," என்றேன்.

அன்று சாயங்காலமே கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. சோறு போடுகிற அம்மா பக்கத்துக் கிராமத்துக்காரர். என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாமா, உன் மிஷின் வந்ததுலேர்ந்து சோறு மீந்துகினே கீது. பன்னி வளக்கறவன்தான் வந்து அள்ளிகினு போறான். புள்ளைங்க துன்னாம நிக்குதுங்கோ."

"ஏம்மா வர மாட்டேங்கறாங்க?"

"என்ன கேட்டா? அதோ குழாயாண்ட நிக்குது பாரு, அத்தக் கேளு."

கை கழுவும் குழாயருகே ஒரு பெண் நின்றிருந்தாள். நீலக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி. பிஸ்கட் பொட்டலத்தைக் கோட்டுப் பையிலிருந்து முழுக்க வெளியே எடுக்காமலே, ஒவ்வொன்றாக உருவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டு எடுக்கலையா என்று கேட்டேன்.

"பசிக்கலக்கா."

பேச்சிலேயே தெற்கத்திப் பெண் என்று தெரிந்தது. நானும் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றேன். கருவி நான் செய்தது என்று சொன்னதும் பயந்துபோனாள். அப்புறம் தானாகவே பேசினாள்.

"அன்னைக்கு ஓ.டி. நின்னேன்க்கா. கார்ட காட்டுனேன், செவப்பு எரிஞ்சிட்டு. பொறவால அம்புட்டுப் பேரு நிக்காங்க. களவாங்க வந்தவள பாக்க மாதிரில்லா பாத்தாங்க. தட்ட வச்சிட்டு வந்துட்டேன். அதுக்கப்பொறம் எங்க ரூம்ல ஒருத்தரும் ஓ.டி.ன்னா சாப்பிடப் போறதில்லக்கா."

"பிஸ்கட் போதுமா?"

"நேத்து லைன்ல நிக்கும்போது கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. சூப்பர்வைசர்ட்ட சொல்லிராதீங்கக்கா. பொறவு ஓ.டி. தர மாட்டாங்க."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? அறிக்கையில் அழகாகக் குறைந்திருந்த அந்த எண் திருட்டுத் தட்டு இல்லை. ஒரு தடவை சிவப்பைப் பார்த்தவளும், அவள் பார்த்ததைக் கேள்விப்பட்ட அவளுடைய அறைத்தோழிகளும் பட்டினியாக நின்ற எண் அது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். இந்தப் பெண்களுக்கு மானம் மட்டும் பறக்கவே இல்லை.

மறுநாள் காலை மேனேஜரைப் பார்க்கக் கிளம்பினேன். "வர்றியா, இல்ல நான் மட்டும் போகட்டுமா?" என்று பங்காளியைக் கேட்டேன். வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான், ஆனாலும் வந்தான்.

மேனேஜர் முதலில் சிரித்தார். "ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரலியே மேடம்?"

"வராது சார். மானஸ்தங்க வந்து சோறு குடுன்னு கம்ப்ளெயின்ட் குடுக்க மாட்டாங்க. பட்டினியா நின்னு லைன்ல கண்ணு இருட்டினவங்க இருக்காங்க. கையில வயரும் கட்டரும் வெச்சிருக்கறவங்க."

அவர் சிரிப்பு நின்றது. "யாரு அது? பேர் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். சொன்னா நாளையிலேர்ந்து அவங்களுக்கு ஓ.டி. கிடையாது."

பிறகு நான் கேட்க வந்ததைக் கேட்டேன். பட்டியலில் இல்லாதவருக்கும் பச்சை. சிவப்பு விளக்கே வேண்டாம். சந்தேகமான அட்டைகளைக் கருவி தனக்குள் குறித்துக்கொள்ளட்டும். மறுநாள் ஓ.டி. பதிவோடு ஒத்துவராத அட்டை இருந்தால் மேனேஜர் தன் அறைக்கு அழைத்துக் கேட்கட்டும். நூறு பேர் பார்க்க வரிசையில் வைத்து வேண்டாம்.

"ஆளாளுக்கு ரெண்டு தட்டு எடுத்தா?"

"ஒரு மாசம் பாருங்க. ஒத்துவராத தட்டையெல்லாம் எங்க பில்லுல கழிச்சுக்குங்க. ஒத்துக்கலேன்னா மெஷினைக் கழட்டிக்கிட்டுப் போயிடறோம்."

பங்காளியின் முகத்தில் ஈயாடவில்லை. மேனேஜர் அவனைப் பார்த்தார். இப்போது என்னைக் கைவிடப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவங்க சொன்னா சொன்னதுதான் சார்," என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவனோடு போட்ட பாதிச் சண்டையை நான் மன்னித்திருக்கிறேன்.

ஒரு மாதம் என்று ஒப்புக்கொண்டார். அன்று மதியமே அந்த வரியைத் திருப்பினேன். எலக்ட்ரீஷியன் வந்து சிவப்பு பல்பைக் கழற்றிக்கொண்டு போனார். அந்த ஃப்ரேம்வொர்க்கை எழுதியவர்கள் எந்த ஊரிலோ உட்கார்ந்து, தெரியாதவருக்குக் கதவைச் சாத்து என்று எழுதினார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களுக்கு எங்கள் வரிசையைத் தெரியாது. எனக்குத் தெரியும். டிஃபால்ட்டை மாற்றுகிற உரிமை அதனால்தான் என் கையில் இருந்தது.

ஆனால் அன்று சாயங்காலம் யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. இனிமேல் எல்லோருக்கும் பச்சைதான் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அந்தப் பெண்கள் அதைப் படித்துவிட்டுக் குழாயடிக்கே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் காகிதத்தை நம்பிப் போய் நிற்க மாட்டேன்.

மூன்றாம் நாள் என் பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்துக்கொண்டேன். யார் பெயரும் ஏறாத புது அட்டை. அதை அந்தக் கருவிக்குச் சத்தியமாகத் தெரியாது. குழாயடியில் நின்ற அந்தப் பெண்ணிடம் காட்டினேன்.

"இதுல பேரும் இல்ல, நம்பரும் பட்டியல்ல இல்ல. இந்த ஃபேக்டரில எனக்கு வேலையும் இல்ல. எனக்குச் சிவப்பு வருதா பாரு."

அவள் நகரவில்லை. நான் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்து எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

என் முறை வந்தது. அட்டையைக் காட்டினேன். பச்சை எரிந்தது. நாளைக் காலை மேனேஜரின் அறிக்கையில் ஒரு தட்டு ஒத்துவராமல் நிற்கும். அவர் போன் செய்தால், அது நான்தான் சார், சாம்பார் பிரமாதம் என்று சொல்லிக்கொள்ளலாம். தட்டை நீட்டினேன். சோறு போடுகிற அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயும் துன்ன வந்துட்டியா? சரி, புடி."

நகர்ந்து ஓரமாக நின்றேன். அந்தப் பெண் அட்டையைக் கருவியின் மேல் வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். பச்சை எரிந்து அணைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. அம்மா கரண்டியால் தட்டில் ஒரு தட்டுத் தட்டி, "கண்ணத் தொற பொண்ணு, சோறு வுயுது பாரு," என்றார்.

கண்ணைத் திறந்தாள். தட்டில் சோறு இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசை நெருக்கியது. குழாயடியிலிருந்து நீலக் கோட்டுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வருவது எனக்குத் தெரிந்தது.

அவள் தட்டை இழுத்துக்கொள்ளாமல் இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

"இன்னொரு கரண்டி போடுங்கம்மா," என்றாள். "பசிக்கி."