துவைக்காத மூன்று சேலைகள்

எங்கள் வீட்டு நாயை நடைக்குக் கூட்டிப்போவது என் மனைவியின் வேலை. முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே பிழைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகாவது காலை நீட்டி உட்கார வேண்டும் என்பது என் கொள்கை. நாய் தானாகப் போய்த் தானாக வருகிற பிராணி, அதற்கு ஆள் துணை எதற்கு என்று அவளிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கயிறு மாட்டுக்குத்தான். நாய்க்குப் பெல்ட் போட்டுப் பிடித்துக்கொண்டு யாரும் ஊர்வலம் போவதில்லை. அவள் தெருவில் இறங்கினால் பால்காரர், "நாயி உங்கள மேய்க்குதாங்கக்கா?" என்பார். "ஆமாங்க, நல்ல புல்லு இருக்குற பக்கமாத்தான் கூட்டிட்டுப் போவுது" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடப்பாள்.

நாங்கள் இருப்பது பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே, மனை பிரித்து விற்ற இடத்தில். நாலு தெரு, பதினேழு வீடு, மீதியெல்லாம் நட்ட கல்லும் வேலிக்கருவையும்தான். கடைசித் தெருவில் கடைசி வீடு எங்களுடையது. அதைத் தாண்டினால் ஒரு மண் தடம், தடத்தை ஒட்டி ஒரு கடலைக்கொல்லை, கொல்லைக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு தொடங்கி அப்படியே சித்தேரி மலை ஏறிவிடும். மயில் எங்கள் மொட்டை மாடியில் வந்து வடகம் தின்னும். கடலை காய் பிடிக்கிற காலத்தில் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு விருந்துக்கு வரும்.

அதனால் என் மனைவியிடம் சட்டதிட்டங்கள் உண்டு. வெயில் ஏறிய பிறகுதான் கிளம்புவாள், சாயங்காலம் பொழுது இறங்குவதற்குள் திரும்பிவிடுவாள். கொல்லை முனைக்கு மேல் ஓர் அடி வைக்கமாட்டாள். புல் உயர்ந்த இடத்தில் முதலில் கோலைத் தட்டுவாள், பாம்பு போக நேரம் கொடுப்பாள், அப்புறம்தான் நாய். கீழே கிடக்கும் எதையும் அது வாயில் வைத்தால் கையை உள்ளே விட்டுப் பிடுங்கிவிடுவாள். பன்றிக்கென்று தீனிக்குள் வெடியை வைத்துவிட்டுப் போகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள், கடித்தால் தாடை போய்விடும். பன்றியே எதிரில் வந்துவிட்டால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, நாயைக் கிட்டப் பிடித்துக்கொண்டு அதற்கு வழி விட்டு நிற்க வேண்டும். கண்டக்டர் வேலைக்குக்கூட என்னிடம் இவ்வளவு கேட்கவில்லை என்று நான் கேலி செய்வேன்.

போன வருடம் ஆவணியில் ஓசூரில் இருக்கும் எங்கள் மகளுக்கு இரண்டாவது பிரசவம். மூத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் மகளால் இங்கே வர முடியவில்லை. இவள் அங்கே போனாள், மூன்று மாதத்துக்கு. நாயையும் அதன் சட்டதிட்டங்களையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு, பஸ் ஏறும்போதும் ஒருமுறை ஒப்பித்துக் காட்டச் சொன்னாள்.

அது ஒரு செவலை நாட்டு நாய். ஐந்து வருடத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் குட்டியாகக் கிடந்ததை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தவள் அவள்தான். அவள் போன மறுநாளே அது தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. பசித்தால் தன்னால் தின்னும் என்று விட்டேன். மூன்றாம் நாள் கறி வாங்கிப் போட்டேன், இரண்டு துண்டோடு சரி. பத்து நாளில் விலா எலும்பை எண்ணலாம் போல் ஆனது. கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நோய் எதுவுமில்லை, ஆனால் இப்படியே பட்டினி கிடந்தால் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்னார். எனக்கு வந்தது கோபம்தான். சோறு போடுகிறவன் நான் ஒருத்தன் கல் மாதிரி இருக்கிறேன், இல்லாதவளுக்காகப் பட்டினி கிடப்பது என்ன நியாயம்? போனில் அவள் கேட்கும்போதெல்லாம் நாய் நன்றாகச் சாப்பிடுகிறது என்றேன். நானே மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மறுநாளும் அதையே தின்றுகொண்டிருந்தேன். சமைக்கச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் கடலைக்கொல்லைக்காரம்மா வந்தார். கொல்லையைச் சுற்றிக் குச்சி நட்டுப் பழைய சேலைகளைக் கட்டிவிட்டால் ஆள் நிற்கிறது என்று பன்றி தயங்கும், இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். சேலை இருக்குமா என்று கேட்டவர் கூடவே, "தொவைக்காததா இருந்தா நல்லதுங்கண்ணா. மனுச வாசம் இருந்தாத்தான் பன்னி அண்டாது" என்றார். துவைக்காததற்கா எங்கள் வீட்டில் பஞ்சம். அவள் கிளம்புவதற்கு முந்தைய நாட்களில் கட்டி அவிழ்த்த மூன்று நூல் சேலைகள், மெஷினில் போடச் சொல்லிவிட்டுப் போனவை, கூடையில் அப்படியே கிடந்தன. துவைக்கிற வேலையும் மிச்சம், தர்மம் செய்த மாதிரியும் ஆயிற்று என்று மூன்றையும் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை நடைக்குப் போனோம். ஒழுங்காக வெயில் ஏறிய பிறகுதான் போனேன், அந்தச் சட்டத்தை மீறவில்லை. கொல்லை முனைக்கு வந்ததும் நாய் நின்றது. மலைக்காற்று எதிரே அடித்துக்கொண்டிருந்தது. மூக்கைத் தூக்கியது, ஒரு முறை தலையை உதறியது. அடுத்த நொடி என் கையில் பெல்ட் இருந்தது, பெல்ட்டில் நாய் இல்லை. பன்னிரண்டு நாள் பட்டினியில் அதன் கழுத்து இளைத்திருந்தது, பெல்ட்டை ஓர் ஓட்டை தள்ளிப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இடுப்பு இளைத்தால் அரைஞாணை இறுக்கிக் கட்டத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

நாய் கொல்லைக்குள் பாய்ந்து காட்டுப் பக்கமாக மறைந்தது. நான் செய்யக் கூடாது என்று அவள் சொன்ன அத்தனையும் செய்தேன். ஓடினேன், கத்தினேன், கோலைத் தட்டாமல் புல்லுக்குள் இறங்கினேன், பன்றி கிளறிப் போட்ட குழியில் காலை விட்டு விழுந்தேன். பஸ்ஸில் படிக்கட்டில் நிற்கிறவனை எல்லாம் உள்ளே ஏற்றிய குரல் என்னுடையது. அதற்குக்கூட நாய் வரவில்லை. காட்டோரமாக மேலும் கீழும் ஒரு மணி நேரம் அலைந்தேன். எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டுவிடுமோ என்பது முதல் பயம். ஓசூருக்கு என்ன சொல்வது என்பது அடுத்த பயம். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது.

கொல்லையின் அந்தக் கோடியில், காட்டுக்கும் கொல்லைக்கும் நடுவே, குச்சியில் கட்டிய ஊதாப் பூச்சேலை ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் கீழே நாய் படுத்திருந்தது, முந்தானைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு. அவள் கொல்லைக்குள் நிற்கிறாள் என்று நினைத்து ஓடிவந்திருக்கிறது.

சந்தோஷத்தில் வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான் உண்ணிச்செடிப் புதருக்கு அருகில் பார்த்தேன். ஒரு தாய்ப்பன்றி, காலடியில் கோடு போட்ட நாலு குட்டிகள். நாய்க்கும் அதற்கும் நடுவே இரண்டு பஸ் நீளம்கூட இல்லை. நாய் கவனிக்கவில்லை, பன்றி கவனித்துவிட்டது. நான் கத்தியிருந்தால் நாய் எழுந்து பாய்ந்திருக்கும், குட்டிக்காரியும் சும்மா விட்டிருக்கமாட்டாள். வாயை மூடிக்கொண்டேன். மெதுவாகப் போய், நாயின் பக்கத்தில் குந்தி, பெல்ட்டைக் கழுத்தில் மாட்டி, இந்த முறை இரண்டு ஓட்டை தள்ளி இறுக்கினேன். பிறகு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பன்றி எங்களை வெகுநேரம் பார்த்தது. கடைசியில் ஓர் உறுமல் உறுமிவிட்டுக் குட்டிகளோடு காட்டுக்குள் போயிற்று.

நாய் எழுந்து வரவில்லை. இழுத்துப் பார்த்தேன், சேலையை விட்டு நகராமல் படுத்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து ஓசூருக்குப் போன் செய்தேன். பன்னிரண்டு நாள் பொய்யையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன்.

"பெல்ட்ட இறுக்கிப் போட்டீங்களா?" என்றாள் முதலில். போட்டேன் என்றேன். "அந்தச் சேலைய அவுத்துட்டுப் போயி அது படுக்குற எடத்துல போடுங்க. தொவச்சிடாதீங்க. நான் இல்லன்னு நெனச்சுத்தான் அது திங்காம கெடக்குது." அப்புறம், "நீங்க சாப்புடுறீங்களா?" என்று கேட்டாள். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அவசரமாகச் சொல்லிப் போனை வைத்தேன்.

கொல்லைக்காரம்மா களை வெட்ட வந்துவிட்டிருந்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் விஷயத்தைச் சொன்னேன். பதிலுக்கு என் காக்கிச் சட்டைகள் இரண்டைத் தருவதாகச் சொன்னேன். கண்டக்டர் சட்டையைப் பார்த்தால் பன்றி டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் உள்ளே வரும் என்று சிரித்தார். ஊதாச் சேலையை அவிழ்த்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். அடுத்த குச்சியில் இருந்த பழுப்புக் கட்டம் போட்டதையும் அவிழ்க்கச் சொன்னேன்.

"ஒரு நாயிக்கு ரெண்டு சேலைங்களாண்ணா?"

ஒன்று நனைந்துவிட்டால் மாற்றுக்கு வேண்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அதையும் அவிழ்த்து மடித்துக் கையில் கொடுத்தார்.

அன்று மத்தியானம் நாய் ஊதாச் சேலை மேல் படுத்தபடியே தட்டைக் காலி செய்தது, இன்னொரு கரண்டியும் கேட்டது. நானும் சுடச்சுட ரசம் வைத்துச் சாப்பிட்டேன். பழுப்புக் கட்டச் சேலையை என் தலையணை மேல் சுற்றி வைத்துக்கொண்டேன். கார்த்திகையில் அவள் வந்து இறங்குகிற நாள்வரை அதை நான் துவைக்கவில்லை.