எழுதக் குனிந்தபோது போன பந்து

தைப்பிங்கிலிருந்து பினாங்கு போய் பேஸ்பால் பார்க்கப் போகிறேன் என்றதும் எங்கள் வீட்டில் சிரித்தார்கள். பினாங்குக்குப் போகிறவள் லக்சா சாப்பிட்டோமா, கடலைப் பார்த்தோமா என்று வர வேண்டாமா? சிரிக்கட்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன், தனியாக.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் அருள் முன்பு பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் இன்ஜினியர். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இருக்கும் ஜப்பான்காரர்கள், தைவான்காரர்கள், நம் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஞாயிறு காலையில் பேஸ்பால் ஆடுவார்கள். முட்டி போனதால் அருள் ஆடுவதில்லை. நாங்கள் இருவரும் ஓரமாக உட்கார்ந்து கையால் ஸ்கோர் எழுதுவோம். இப்போது அவர் தைவானில். ஒப்பந்தம் முடியப்போகிறது, இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று கம்பெனி கேட்டிருக்கிறது. மறுநாள் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டியிருந்தது. "நீ என்ன சொல்ற?" என்று அவர் கேட்டபோதெல்லாம் "உங்க இஷ்டம்" என்றேன். நல்ல வேலை, நான் குறுக்கே நிற்பானேன்? மனசுக்குள் மட்டும் ஒரு பந்தயம் கட்டினேன். ஓர் ஆட்டத்தை முழுசாகத் தனியாக எழுதிவிட்டால், இரண்டு வருடத்தையும் தனியாகத் தள்ளிவிடலாம். கிறுக்குத்தனம்தான், தெரியும்.

காலை ரயிலில் பட்டர்வொர்த் ஒன்றேகால் மணி நேரம். நிலையத்திலிருந்து ஃபெரிக்குக் கூரை போட்ட நடைபாதை உண்டு. ஃபெரிக்கு இரண்டு வெள்ளி. படகுத்துறையிலிருந்து பாயான் லெப்பாஸுக்குப் பஸ் மலிவு, ஆனால் ஊரைச் சுற்றும். நான் இருபத்தைந்து வெள்ளிக்குக் கார் பிடித்தேன். ஓட்டிய தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பேஸ்பாலாக்கா? இங்க யாரு அத வெளாடுறா?"

"வெளாடுறாங்க தம்பி. நான் ஸ்கோர் எழுதப் போறேன்."

"அதுக்குத்தான் போன்ல ஆப் இருக்கு லா," என்றவர், பசியாறவில்லை என்றதும் ஒரு ரொட்டி சானாய் கடையில் நிறுத்திக் காத்திருந்தார். நல்ல பிள்ளை.

எழுதும் முறை சுலபம். நிற்கும் இடத்தை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை எண். ஐந்தாம் ஆள் பந்தை எடுத்து மூன்றாம் ஆளுக்கு வீசி ஒருவரை அவுட் ஆக்கினால், கட்டத்தில் 5-3. அருள் பார்த்துச் சொல்வார், நான் தலை தூக்காமல் எழுதுவேன். அப்படியே பழகிவிட்டோம்.

நான்கு சுற்று வரை தனியாகவே ஜோராக எழுதினேன். பெருமையாகக்கூட இருந்தது. ஐந்தாவது சுற்றில் பந்து ஆறாம் ஆளிடம் உருண்டது. ஆறு என்று எழுதக் குனிந்தேன். நிமிர்ந்தால் இரண்டு பேர் அவுட், திடலே கத்துகிறது. "அப்புறம் யாருங்க?" என்று இடப்பக்கம் திரும்பிக் கேட்டேன்.

அங்கே ஐஸ் பெட்டிதான் இருந்தது. அதற்கு அந்தப்புறம், குழுவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ரவி அண்ணன்.

"என்னையாமா கேக்குற? நான் போன் பாத்துட்டிருந்தேன் லா."

"இல்லண்ணே, பழக்கம்."

அவர் ஒரு போத்தல் பார்லி தண்ணீரை எடுத்து நீட்டினார். ஆட்டக்காரர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கப் பிடிக்கவில்லை. அருள் குரல்தான் வேண்டும்போல் இருந்தது. தினமும் வீடியோவில் வரும் குரல் இல்லை. காதுக்குப் பக்கத்தில், கச்சாங் பூத்தே கடலையை மென்றுகொண்டே, எண்களை மட்டும் சொல்லும் குரல். அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு எழுத ஓடாது. திடலில் நிழல் கிடையாது, குடை கொண்டுபோங்கள். ஃபெரிக்கு ரொக்கம் வேண்டாம், கார்டு வைத்திருங்கள். பஸ்ஸில் சில்லறை திருப்பித் தர மாட்டார்கள். பதினொரு மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். பேனா வேண்டாம், பென்சில்தான் சரி.

திரும்பும்போது ஃபெரியில் நின்று ஸ்கோர் தாளைப் படம் எடுத்து அருளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"அஞ்சாவதுல ஒரு கட்டம் பாதியில நிக்குதே?"

"குனிஞ்சிட்டேன். பாக்கல."

"பக்கத்துல யாரையாச்சும் கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். நீங்க அங்க இல்ல."

படகு சத்தத்தில் இணைப்பு போய்விட்டதோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வந்துடுங்க," என்றேன். "எனக்கு முடியல."

"இந்த ஒரு வார்த்தைக்குத்தான் மா வாரம் பூரா உன்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன்," என்றார்.