எனக்குப் பதிலாக அப்பா கல்லூரிக்குப் போனார்

கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் இருமினேன். கைக்குட்டையில் ரத்தம். புகுமுக வகுப்பில் (பள்ளியிறுதிக்கும் பட்டப்படிப்புக்கும் நடுவே அன்று இருந்த ஓராண்டு) சேர்ந்து ஒரு பருவம்கூட முடிந்திருக்கவில்லை.

தஞ்சாவூரில் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசநோய் (நுரையீரலை அரிக்கும் தொற்று) என்றார்கள். தினமும் இடுப்பில் ஊசி, கை நிறைய மாத்திரை, மாதக்கணக்கில் படுக்கை. டாக்டர் என்னிடம் பேசவில்லை. என் தலைக்கு மேலாக அப்பாவிடம் பேசினார்.

“படிப்பு எங்கய்யா ஓடிப்போகுது? பையன் உசுரோட இருந்தா போதாதா?”

உங்களிடமும் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள். தன் பிள்ளையிடம் சொல்வாரா என்று அவரைக் கேளுங்கள். படிப்பு ஓடிப்போகும். வருகை குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். தேர்வு எழுதாத எங்கள் தெருப் பையனுக்குப் பண்ணை வயல் காத்திருக்கும். அது மட்டும் எங்கும் ஓடாது.

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துக் குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த ஆண்டு அறுவடைக் கூலித் தகராறு. விவசாயக் கூலிகள் சங்கத்தில் சேர்ந்த அப்பாவையும் மற்றவர்களையும் ஒதுக்கிவிட்டு, பண்ணையார் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். அந்தப் புண்ணியத்தில் அப்பாவுக்கு ஓய்வு கிடைத்தது. என்னை அம்மாவிடம் விட்டுவிட்டு அவர் கல்லூரிக்குப் போனார். பண்ணை வழக்கம் அவருக்குத் தெரியும்: ஒருவன் காய்ச்சலில் படுத்தால் அதே வீட்டிலிருந்து இன்னொருவன் போய் நின்றால் போதும், வேலை பறிபோகாது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, “ஆஜருங்க” என்றார். வகுப்பு சிரித்தது. விரிவுரையாளர் வெளியே நிறுத்தினார். மறுநாளும் போனார். முதல்வரிடம் கொண்டுபோனார்கள்.

“இது என்ன பண்ணையா, ஆளுக்கு ஆள் மாத்திக்க?”

“பண்ணையிலயே ஒத்துக்கிறாங்களேங்க” என்றாராம் அப்பா.

முதல்வர் காவலாளியைக் கூப்பிட்டார்.

அந்த அறையில் எவரும் சொல்லாததை, வருவாய்த் துறையில் கோப்போடு கிழவனானவன் என்ற தகுதியில் நான் சொல்கிறேன். ஒரு மருத்துவச் சான்று, வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கோரும் ஒரு விண்ணப்பம். அவ்வளவுதான். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். விதி அன்றும் இருந்தது. ஏழை படிக்க வேண்டும் என்று மேடைதோறும் முழங்கிய காலம். விதியைச் சொல்ல மட்டும் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அந்த ஆண்டு போயிற்று. வரப்பில் அப்பாவைக் கண்டால் பண்ணையார், “என்னடா, காலேஜ் பாஸ் பண்ணிட்டியா?” என்பார். அப்பா ஒரே பதில் வைத்திருந்தார்: “அடுத்த வருசம் பையன் பண்ணுவாங்க.”

டாக்டர் மறுபடியும் வேண்டாம் என்றார். மறுபடியும் சேர்ந்தேன். வலது நுரையீரலின் மேல்பகுதி சுருங்கி வடுவாகியிருந்தது. மாடிப்படியில் நின்று நின்றுதான் ஏற முடியும். என்னைவிடச் சிறியவர்கள் தாண்டி ஓடுவார்கள். மணி அடிக்கும்போது நான் பாதிப் படியில் இருப்பேன். பாடம் தொடங்கிய பிறகு அனுமதி கேட்டு உள்ளே போய் உட்காருவேன். பட்டம்வரை அப்படித்தான்.

அன்றிலிருந்து என் உடம்பு எந்த மணிக்கும் ஓடுவதில்லை. எங்கும் தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறேன். ஆனால் நானே போகிறேன்.