மெயின் சுவிட்ச் அத்தான்

குளியலறை விளக்கை அணைத்தார். கூடத்து மின்விசிறியை அணைத்தார். அதற்குக் கீழே நான் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்ததை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுட வைக்கும் கெட்டில், என் கைபேசி சார்ஜர், அலமாரிப் பக்கத்து வைஃபை பெட்டி என்று சுவரோரமாகவே நடந்து, ஒவ்வொரு சுவிட்சையும் கட்டைவிரலால் அமுக்கி, அமுங்கியதா என்று இன்னொரு முறை தடவிப் பார்த்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "எல்லாம் ஆஃப். வரட்டா?" என்றார் அத்தான்.

அவர் வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையும் இதே ஊர்வலம்தான். வீட்டில் நானும் அக்காவும் இருக்கப்போகிறோம், எங்களுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அவர் தலை மறைந்ததும் நான் எழுந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டுக்கொண்டு வருவேன். ஃபிரிஜ் மட்டும் தப்பிக்கும். அதற்குக் கல்யாணமான புதிதிலேயே அக்கா ஒரு பெரிய சண்டை போட்டு விலக்கு வாங்கி வைத்திருக்கிறாள்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிக் கீழே இறக்குகிறவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். கேட்டால், "வீட்லயாவது நிம்மதியா படி ஏறுறேன், விடு மாப்ள" என்பார். விடுமுறை நாளில் எந்தக் கடைக்குப் போனாலும் லிஃப்ட்டில் ஏறமாட்டார். அதன் கதவருகே நின்று தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்பார். "இவனுக்கு ரோலர் தேஞ்சிருக்கு" என்றோ, "நல்ல பையன்" என்றோ சான்றிதழ் கொடுத்துவிட்டுப் படிக்கட்டைத் தேடிப் போவார். இயந்திரம் எல்லாமே அவருக்கு ஆள்தான். ஓடினால், "ஆளு பேசுறான்." நின்றுபோனால், "ஆளு கோவமா இருக்கான்." மனிதர்களைப் பற்றி அவர் இவ்வளவு அக்கறையாக விசாரித்து நான் பார்த்ததில்லை.

கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மெயின். எதைத் தொடுவதற்கு முன்னாலும் "மொதல்ல மெயின்!" என்று குரல் கொடுப்பார். மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டையைக் கயிற்றோடு தொங்கவிடுவார். 'ஆள் வேலை செய்கிறார். தொடாதே' என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தொழிலில் அதற்கு ஒரு சட்டம் உண்டு. மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். மேலதிகாரியே வந்து நின்றாலும், மாட்டியவர் சாப்பிடப் போயிருந்தாலும், இன்னொருவர் கை அதில் படக்கூடாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அட்டை மாட்டாமல் ஒரு லிஃப்ட்டின் அடிக்குழியில் இறங்கியிருக்கிறார். மேல்மாடியில் யாரோ காத்திருந்து சலித்துப்போய்ச் சத்தம் போட, காவலாளி நல்லெண்ணத்தோடு போய் மெயினைப் போட்டுவிட்டார். லிஃப்ட் இறங்கியது. அத்தான் குழியின் தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துக்கொண்டார். அது வந்து அவர் முதுகுச் சட்டையைத் தொட்டுவிட்டு நின்றது. இந்தக் கதையை அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் வீட்டில் சுவிட்சுகளைத் தடவிப் பார்க்கும் அந்தக் கட்டைவிரலைப் பார்க்கும்போது, மனிதர் இன்னும் குழியைவிட்டு முழுதாக ஏறி வரவில்லை என்று எனக்குத் தோன்றும். அக்காவுக்கும் தோன்றியிருக்க வேண்டும். விசிறிக்காக அவள் சண்டை போடாததற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒயரின் தோலை அவர் பல்லால்தான் உரிப்பார். கத்தி, கத்தரி, அதற்கென்றே செய்த இடுக்கி எல்லாம் பையில் இருக்கும், இருந்தும் பல்தான். முன்பல் ஒன்றில் அதற்கென்று ஒரு சின்னப் பள்ளமே விழுந்திருக்கிறது. உரித்தது, அறுந்தது, பழையது எதையும் தூக்கிப் போட மனம் வராது. கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறையக் கேபிள் துண்டுகள். அக்கா கூட்டும்போதெல்லாம் விளக்குமாறு அதில் இடிக்கும். "இந்தக் குப்பைய என்னைக்காவது ஒரு நாள் நான் எடைக்குப் போடத்தான் போறேன்" என்பாள். "போடு போடு, அப்புறம் தேடுவ" என்பார் அவர்.

அக்கா மருந்தாளுநர். மகள் வளர்ந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போகும்வரை வீட்டோடு இருந்துவிட்டாள். திரும்பவும் வேலைக்குப் போகலாம் என்று பார்த்தபோது, இத்தனை வருட இடைவெளியைக் காட்டி எல்லா இடத்திலும் கைவிரித்தார்கள். போதாக்குறைக்குப் படியில் வழுக்கிக் காலில் மாவுக்கட்டு. அவளுக்குக் கூடமாட ஒத்தாசையாக இருக்கத்தான் நான் வந்திருந்தேன். அந்த நேரத்தில் ஓர் அழைப்பு வந்தது. வீட்டில் இருந்தபடியே காணொளியில் நோயாளிகளின் மருந்துச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் வேலை. நேர்காணலும் காணொளியில்தான், மாலை நான்கு மணிக்கு. "இதுவும் இல்லன்னா இனிமே எங்கயும் எழுதிப் போட மாட்டேன்டா. போதும்" என்று முந்தின நாள் என்னிடம் சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

பேசும்போது படம் திக்கக்கூடாது என்று அன்று காலை வைஃபை பெட்டிக்கான புதிய மென்பொருளை லேப்டாப்பில் இறக்கி, பெட்டிக்குள் ஏற்றத் தொடங்கினாள். "முடியறவரைக்கும் யாரும் அந்தப் பெட்டியத் தொடாதீங்க!" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள். ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் குளித்துக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்து அவர் செய்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

நான் எழுந்து சுவிட்சுகளைப் போட்டபோது பெட்டியில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். அணைத்துப் போட்டாலும் அதே சிவப்பு. பழையது அழிந்து புதியது பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுபோயிருந்தது. இனி எதற்கும் உதவாது என்ற பொருளில் கணினிக்காரர்கள் இதைச் செங்கல் என்பார்கள். இணையக் கம்பெனிக்குப் போன் செய்தால், அவர்கள் கொடுத்த பெட்டியைத் தவிர வேறு எதுவும் அந்த இணைப்பில் வேலை செய்யாது, ஆள் நாளை மறுநாள்தான் வருவார் என்றார்கள். கைபேசிக்குச் சமையலறை ஜன்னலோரம் மட்டும் ஒற்றைக் கோடு சிக்னல் வரும். எழுத்துத் தெரியும், படம் ஓடாது. கீழ்வீட்டில் கேட்கலாம் என்றால், அவர்களே எங்கள் வைஃபையில்தான் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாவுக்கட்டோடு அக்காவை மூன்று மாடி இறக்குவது நடக்கிற காரியமில்லை.

அக்கா திட்டவில்லை. போனை எடுத்து, "நீங்க ஆஃப் பண்ணப்ப அது பாதியில இருந்துச்சுங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் அவர் மெதுவாக வந்திருப்பார். இப்போது மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"நானா?"

"பரவால்லங்க. விடுங்க."

"எப்படிம்மா விடுறது?" என்றவர் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "லிஃப்ட்டுக்கும் இதே மாதிரி ஒரு போர்டு உண்டு, மாப்ள. ஆளு படுத்துட்டா ஒரு சீரியல் கேபிள மாட்டி, 'என்னடா ஆச்சு'ன்னு அவன்கிட்டயே கேப்போம். இவனுக்கும் எங்கயாவது ஒரு வாய் வச்சிருப்பாங்க" என்றார். "மொதல்ல மெயின்!" என்று குரல் கொடுத்துவிட்டுத் திருகாணிகளைக் கழற்றினார்.

உள்ளே போர்டின் ஓரத்தில் வரிசையாக நான்கு துளைகள் இருந்தன. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. வேலைப் பையில் இருந்த லிஃப்ட் கேபிளை நான் எடுத்து நீட்டியதும் என் கையைத் தட்டிவிட்டார். "அதுல வர்ற வோல்ட்டுக்கு இவன் கருகிப் போயிடுவான். இவன் சின்னப் பையன், மூணு வோல்ட்டு சொச்சந்தான் தாங்குவான்."

கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின் வந்தது. அக்கா லேப்டாப்பை நகர்த்தி அதற்கு இடம் விட்டாள். எந்தக் காலத்திலோ வைத்திருந்த பொத்தான் போனைக் கணினியோடு இணைக்கும் கேபிள் ஒன்று அடியில் கிடந்தது. அதன் தலைக்குள் இருக்கும் சின்னச் சில்லு சரியாக அந்த மூன்று வோல்ட்டில்தான் பேசும் என்றார். போனில் செருகும் முனையை வெட்டினார், பல்லால் உரித்தார், மறுமுனையை லேப்டாப்பில் செருகினார். எந்த ஒயர் பேசுவது, எந்த ஒயர் கேட்பது என்று இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தார். அக்கா லேப்டாப்பில் தட்டிய எழுத்து அப்படியே திரும்பித் திரையில் வந்தபோது, "இது ரெண்டுந்தான்" என்று அவற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். தரைக்கம்பியோடு சேர்த்து மூன்று ஒயர். ஈயம் வைத்துப் பற்றவைத்தார்.

மின்சாரம் கொடுத்தோம். திரையில் ஒன்றும் இல்லை. அத்தான் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நம்ம வாய அவன் வாயிலயே வச்சிருக்கேன் பாரு. நம்ம வாய் அவன் காதுக்கு, அவன் வாய் நம்ம காதுக்கு." இரண்டு ஒயரையும் இடம் மாற்றினார். இப்போது ஏதோ வந்தது, ஆனால் எல்லாம் கிறுக்கல். "உளர்றான். வேகம் ஒத்துவரல" என்றார். நான் ஜன்னலோரம் ஓடி, கையை வெளியே நீட்டிக் கைபேசியில் ஒற்றைக் கோட்டைப் பிடித்து, இந்தப் பெட்டி எந்த வேகத்தில் பேசும் என்று எவரோ இணையத்தில் எழுதி வைத்திருந்ததைச் சமையலறையிலிருந்து கத்தினேன். அக்கா எண்ணை மாற்றினாள். கிறுக்கல் ஒழுங்கான எழுத்தாகித் திரையில் வரிவரியாக இறங்கியது.

"பேசுறான்!" என்றார் அத்தான். அவர் குரல் உடைந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

வேலை இன்னும் முடியவில்லை. பெட்டி விழிக்கும் அந்த ஒரு நொடியில் லேப்டாப்பில் ஒரு விசையைத் தட்டி அதை நிறுத்தினால்தான் புது மென்பொருளை வாங்கிக்கொள்ளும். அத்தான் சுவிட்சைப் போட, அக்கா தட்ட வேண்டும். "போடுறேன்" என்பார், தட்டுவாள், நழுவிவிடும். அணைப்பார். மறுபடி போடுவார். ஊரிலேயே அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. "இத்தன வருசமா ஆஃப் பண்ணிப் பழகினது இன்னைக்குத்தான் பிரயோசனப்படுது" என்றாள் அக்கா. காலையிலிருந்து அன்று அப்போதுதான் சிரித்தாள். அடுத்த தட்டலில் ஆள் நின்றுவிட்டான்.

காலையில் லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்த மென்பொருளை அனுப்பியதும் பெட்டி அதைத் தன்னுள் எழுதிக்கொள்ள ஆரம்பித்தது. இப்போது மின்சாரம் போனால் கதை மறுபடி முதலிலிருந்து. அக்கா என்னிடம், "அவர் பையில அந்தச் செவப்பு அட்ட இருக்கும், எடுத்துட்டு வாடா" என்றாள். ஊன்றுகோலை ஊன்றி, ஒற்றைக் காலில் தத்தித் தத்திச் சுவர்வரை போனாள். பெட்டியின் சுவிட்சில் அதைத் தன் கையாலேயே மாட்டினாள். கொஞ்சம் கோணலாகத் தொங்கியது.

"மாட்டினது நான். கழட்டுறதும் நான்தான்."

"சரிம்மா" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து அழைப்புமணி அடித்தது. கீழ்வீட்டுக்காரர். "காலைலேர்ந்து உங்க நெட் சரியாவே வரலியே? என்னன்னு கொஞ்சம் பாக்கக்கூடாதா?" என்று உரிமையோடு கேட்டார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று அனுப்பிவைத்தேன். திரும்பி வந்தபோது சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அத்தான் கைகளைத் தொடைக்கு அடியில் இன்னும் அழுத்திச் செருகிக்கொண்டார். பிறகு பச்சை ஒன்று எரிந்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் எல்லாமே எரிந்தன. அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நேர்காணல் தொடங்கியபோது அத்தான் வீட்டில் இல்லை. தேடிக்கொண்டு இறங்கினேன். கட்டடத்தின் தரைத்தளத்தில், மீட்டர்களும் மெயின் சுவிட்சும் இருக்கும் பலகைக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். "யாராவது தெரியாத்தனமா கைய வச்சிடப் போறாங்க மாப்ள. நீ மேல போ" என்றார். அக்கா பேசி முடிக்கும்வரை அங்கேயே நின்றிருக்கிறார். வேலையில் எப்போது சேர முடியும் என்று அவர்கள் பேச்சினூடேயே கேட்டுவிட்டார்களாம். மாடிப்படிச் சுவரில் சாய்ந்து நான் அதைக் கத்திச் சொன்னதும், கீழேயிருந்து அவர் குரல் வந்தது. "கேட்டுச்சு, கேட்டுச்சு." மேலே வரும்போது கண் சிவந்திருந்தது. ஈயப் புகை என்றார்.

மறுநாள் காலை ஊர்வலம் வழக்கம்போலக் கிளம்பியது. குளியலறை விளக்கு ஆஃப். என் தலைக்கு மேல் விசிறி ஆஃப். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், என் சார்ஜர். அலமாரிப் பக்கம் வந்தவர் நின்றார். வைஃபை பெட்டியின் பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சுவிட்சில் அக்கா மாட்டிய அட்டை அப்படியே இருந்தது. கட்டைவிரல் பாதிவழி போய்விட்டது. நான் நாளிதழைத் தாழ்த்தினேன். உள்ளறையிலிருந்து அக்காவும் எட்டிப் பார்த்தாள். அத்தான் கோணலாகத் தொங்கிய அந்த அட்டையை இரண்டு விரலால் பிடித்து, எழுத்து நேராகத் தெரியும்படி திருத்தி வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போனார்.