மறைந்துபோன ரத்தக்குழாய்

ஸ்கேன் படங்களை முப்பரிமாணமாகத் திரையில் சுழற்றிக் காட்டும் மென்பொருளை எழுதியவள் நான். வேகமாகச் சுழல, இடையிடையே சில புள்ளிகளைக் கணக்கிடாமல் விட்டிருந்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்ற துணிச்சல்.

ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்குக் காட்டப்போன அன்று, டெக்னீஷியன் லதா அக்கா முதலில் சுழற்றிப் பார்த்தார். "மோளே, திருப்பும்போ இந்தச் சின்ன ரத்தக்குழாய் காணலையே!"

அதை நம்பி ஒருவர் கத்தி வைத்தால்? உடனே கீபோர்டை என் பக்கம் இழுத்தேன்.

"டாக்டர்கள் வந்தாச்சு. ஒண்ணும் மாத்தாதே, கேட்டியா! வேகத்தைப் பார்த்துத்தான் வாங்குவாங்க" என்றார் கூட வந்திருந்த எங்கள் கம்பெனி மேலாளர்.

"இருக்கிறதை மறைச்சுக் காட்ட முடியாது சார்."

என் தவறை டாக்டர்களிடம் சொல்லி, அந்தக் குறுக்குவழியை அங்கேயே நீக்கினேன். படம் திக்கித் திக்கிச் சுழன்றது. ரத்தக்குழாய் மறையவில்லை.

அவர்கள் வாங்கவில்லை. கரமனையில் என் வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது மேலாளர் போனில் கூப்பிட்டுக் கத்தினார். கத்தட்டும். நாளைக்கே மறுபடி நேர்ந்தாலும் இதையேதான் செய்வேன்.