சுமலதா விட்ட பந்து

கூடலூருக்கு மேலே அந்த எஸ்டேட்டில் வாலிபால் ஆட இருந்த ஒரே சமதரை, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் கொட்டகையின் முன்னால்தான். அதைச் சமதரை என்பதே கொஞ்சம் தாராளம். மூன்று பக்கமும் தேயிலைச் சரிவு. கோட்டைத் தாண்டிய பந்து செடிகளுக்குள் குதித்து உருண்டு, கீழே ஓடையில் போய்த்தான் நிற்கும். அவுட்டா இல்லையா என்று அங்கே யாரும் சண்டை போட்டதில்லை. பந்துக்குப் பக்கத்தில் நின்றவர் இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி மட்டம் செய்யும் பாண்டியனின் மகள் சுமலதா, அண்ணன் விமலோடு அங்கே ஆடப் போனபோது எல்லாருக்கும் சின்னவள். பின்னால் நில் என்றார்கள். சரிவில் இறங்கினால் அட்டை கடிக்கும். போதாததற்குக் காட்டெருமை வேறு மேயும். இரண்டுமே அவளுக்கு ஆகாது. அதனால் பந்தை விடவே மாட்டாள். குப்புற விழுவாள், புரளுவாள், கை எட்டாவிட்டால் காலால் எத்தி மேலே கிளப்புவாள். உள்ளே விழுவதோ வெளியே போவதோ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். "இந்தப் புள்ள கையில பசை தடவிட்டு வருதாடா?" என்று பெரிய பையன்களே எரிச்சல்பட்டார்கள்.

பயத்தில் வந்த அந்த வித்தைதான் அவளைப் பள்ளி அணி, மாநில அணி என்று ஏற்றி, கடைசியில் இந்திய இளையோர் பெண்கள் அணியில் கொண்டுபோய் நிறுத்தியது. குள்ளமானவர்களுக்கும் வாலிபாலில் ஓர் இடம் உண்டு. லிபரோ என்பார்கள். பின்வரிசையில் நின்று பந்தைத் தரையில் விழவிடாமல் எடுப்பதே வேலை. சட்டைகூட வேறு நிறம். சுமலதாவுக்கென்றே யாரோ தைத்து வைத்த மாதிரி இருந்தது.

தாய்லாந்தில் ஆசியப் போட்டி. கஜகஸ்தானை வென்றால் கடைசி எட்டு அணிகளுக்குள் இந்தியா நுழையும். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முதல் செட் இந்தியாவுக்கு. இரண்டாவதில், எதிரணிக்கு ஒரு புள்ளி போதும் என்ற நேரத்தில், அவர்கள் அடித்த பந்து கோட்டுக்கு ஒரு கஜம் வெளியே பறந்தது. சும்மா நின்றிருந்தால் புள்ளி நமக்கு. நம்ம ஆள் நிற்பாளா? பாய்ந்தாள். கையில் பட்டுப் பந்து பார்வையாளர்கள் மடியில் விழுந்தது. செட் போயிற்று.

கோச் ஷீபா மலையாளி. கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. "மோளே, அவுட் பந்து அவங்க நமக்குத் தர்ற பாயிண்டாணு. அதப் போயி நீ திருப்பிக் கொடுக்குந்நு. இங்க இரி."

மூன்றாவது செட் முழுக்க பெஞ்ச். மாற்று லிபரோ தடுமாற, அதுவும் போயிற்று. நான்காவதில் வேறு வழியில்லாமல் சுமலதாவை இறக்கினார் கோச். "இனி ஒரு அவுட் பந்தத் தொட்டா அவ்வளவுதான். விட்டேக்கு, கேட்டியா?" சுமலதா தலையாட்டினாள். தலை ஒப்புக்கொண்டது, கைகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த செட்டில் விழுந்து விழுந்து எடுத்தாள். இரண்டுக்கு இரண்டு.

கடைசி செட். பதினாலுக்குப் பதின்மூன்று, இந்தியா முன்னால். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஜெயம். அரங்கமே எழுந்து நிற்கிறது. கஜகஸ்தானின் அந்த ஆறடிப் பெண் எகிறி, உடம்பையெல்லாம் சேர்த்து ஓர் அடி அடித்தாள். பந்து தடுப்பவர்களின் விரல்களுக்கு மேலாக, யார் மேலும் படாமல், நேரே சுமலதாவை நோக்கி வந்தது. தோள் உயரம். எடுக்கிற பந்து. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற பந்து!

கைகள் கிளம்பிவிட்டன. கிளம்பிய கைகளை இழுத்து முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். பந்து காதோரம் காற்றைக் கிழித்துப் போனது. பின்னால் 'டம்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. பெஞ்சிலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு கோட்டு நடுவரையே பார்த்தார்கள். கொடி கீழே சாய்ந்தால் உள்ளே. மேலே போனால் வெளியே.

கொடி விருட்டென்று மேலே போனது.

அப்புறம் நடந்தது எதுவும் அவளுக்குச் சரியாக நினைவில்லை. பதினோரு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். வங்காளத்துப் பெண் ஒருத்தி காதைக் கடித்தே விட்டாள். கோச் ஷீபா ஓடி வந்து நெற்றியில் முத்தம் வைத்து, "விட்டல்லோ! நீ விட்டல்லோ!" என்று குழந்தை மாதிரி குதித்தார். பந்தைத் தொடாததற்காக இத்தனை கொண்டாட்டமா என்று சுமலதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது.

கொஞ்சம் மூச்சு வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டாள். லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் எல்லாரும் விமலின் செல்லைச் சுற்றி உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்பார்கள் என்று தெரியும். எடுத்தது அப்பா. பின்னால் ஒரு சத்தமுமில்லை, எழவு வீடு மாதிரி.

"அழாத புள்ள," என்றார் பாண்டியன். "போனா போவுது. கை ஓஞ்சி போயிருக்கும். இம்புட்டு நேரம் எடுத்தியே, அதுவே பெருசு. ஒரு பந்து விட்டதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சுமலதாவுக்குப் புரியவில்லை. "என்னப்பா சொல்றீங்க?"

"பாத்தோமே. நீ கையக் கட்டிட்டு நின்னே, பந்து கீழ விழுந்துச்சு. அதோட படம் நின்னு போச்சு, சிக்னல் இல்ல. உங்கம்மா உள்ள போய்ப் படுத்துட்டா. நீ சாப்பிட்டியா? மொதல்ல சாப்பிடு."

"அப்பா! அது அவுட்டுப்பா! நாந்தான் விட்டேன், வேணும்னே விட்டேன்! ஜெயிச்சிட்டோம்ப்பா!"

போன் கீழே விழுந்த சத்தம். அடுத்து அப்பாவின் குரல், அவளிடம் இல்லை, லயம் முழுவதையும் பார்த்து: "ஏய், எந்திரிங்க! எம்மவ வேணும்னே விட்டாளாம்!"

கிளம்பிய கூச்சலில் அவளுக்கு வேறொன்றும் கேட்கவில்லை. அம்மா ராஜகுமாரியின் குரலை மட்டும் அதற்குள் தேடிப் பிடித்து, கேட்டுக்கொண்டே நின்றாள்.